சுண்ணாம்புக்கல் ஏரியில் விலங்கு மிதவைகளைக் கணக்கெடுப்பது எப்படி: நகரம் அடிவழியாக வரும் இடங்களுக்கு ஒரு கையேடு

ஏரியைச் சுற்றி ஒரு வீடு கிடையாது. உள்ளே வரும் ஓடையும் இல்லை, வெளியே போகும் ஓடையும் இல்லை. நாலு பக்கமும் காடு, செங்குத்தான சுண்ணாம்புக்கல் சுவர், நடுவில் வட்டமாகத் தண்ணீர். அதை என் குறிப்பேட்டில் 'நகரத்தால் பாதிக்கப்படாதது' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். மற்ற ஏரிகளோடு ஒப்பிட ஒரு நல்ல ஏரி வேண்டும் என்றுதான் அங்கே போனேன்.

தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி வட்டை இறக்கினால் ஒன்றரை மீட்டரில் மறைந்துவிட்டது. விலங்கு மிதவைகளை, அதாவது தண்ணீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளைப் பிடிக்கும் வலையை இழுத்து, அடியில் தொங்கும் குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். வெளிர்பச்சைத் தண்ணீரில் மாவைத் தூவியதுபோல் புள்ளிகள். நுண்ணோக்கியில் வைத்தால் பாதிக்கு மேல் பிராக்கியோனஸ், ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குக் கூட்டத்தில் ஒன்று. சாக்கடை கலக்கும் குளங்களில் பார்த்துப் பழகிய அதே உருவம், பின்னால் முட்டைகளை ஒட்டவைத்துக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தது.

காரணம் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அங்கே கழிவுநீரைப் பாறைப் பிளவு ஒன்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிலத்துக்கு அடியில் குன்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்து ஊறியது. வரைபடத்தில் அந்த ஊருக்கும் ஏரிக்கும் ஒரு தொடர்பும் தெரியாது.

அன்றிலிருந்து இந்த ஏரிகளில் நான் வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. வெப்பமண்டலச் சுண்ணாம்புக்கல் ஏரிகளில், அதாவது கார்ஸ்ட் ஏரிகளில், நகரம் கரை வழியாக வருவதைவிட அடிவழியாக வருவதுதான் அதிகம். அதைத் தெரிந்துகொள்ளாமல் வலை வீசினால், இனப் பட்டியல் கிடைக்கும், அது எதைச் சொல்கிறது என்பது கிடைக்காது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் மாணவர்களுக்கும், தங்கள் பக்கத்து ஏரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் என் அனுபவத்தில் நின்ற முறைகளை இங்கே எழுதுகிறேன்.

வலைக்கு முன்னால் தண்ணீர்

மழைநீர் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து விரிசல்களைக் குழாய்களாகவும், குழாய்களைக் குகைகளாகவும் ஆக்குகிறது. குகையின் கூரை இடிந்தால் பள்ளம், பள்ளத்தில் நிலத்தடி நீர் தெரிந்தால் ஏரி. மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் 'செனோட்டே' என்று சொல்வது இதைத்தான். அந்தத் தீபகற்பத்தின் வடபகுதியில் மேற்பரப்பில் ஓடும் ஆறே கிடையாது. எல்லாத் தண்ணீரும் கீழேதான். மணலும் களிமண்ணும் உள்ள நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகிறது. சுண்ணாம்புக் குழாயில் அந்த வடிகட்டல் நடப்பதில்லை. கழிப்பறைத் தொட்டியில் கசிந்தது சில நாளில் ஏரியில் இருக்கலாம், கனமழை என்றால் சில மணி நேரத்திலேயே.

ஆகவே 'நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்' என்ற கணக்கை வைத்து ஏரிகளை வரிசைப்படுத்தாதீர்கள். மேற்பரப்பில் நீர் பிரியும் மேடும், நிலத்தடியில் நீர் பிரியும் மேடும் கார்ஸ்ட் நிலத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தின் மோன்டெபெல்லோ ஏரிகள் இதற்கு நல்ல பாடம். 1959இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள். அவற்றில் வடமேற்குப் பக்கத்துத் தாழ்நிலத்தில் உள்ள சில ஏரிகள் 2003 வாக்கில் தொடங்கி நீலம் இழந்து பசுமஞ்சளாகக் கலங்கின. கொமிதான் நகரத்துக் கழிவையும் வயல்களின் உரத்தையும் சுமந்து வரும் ரியோ கிராண்டே ஆறு அந்தப் பக்கம்தான் சேர்கிறது. மலைப்பக்கத்து ஏரிகள் இன்னும் கண்ணாடி போல் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஏரிகள்தான், குடிக்கும் தண்ணீர் வேறு.

முதல் வேலையாக நான் செய்வது, தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் மின்கடத்துதிறனை அளப்பது. கையடக்கக் கருவி போதும். கரையை ஒட்டிப் படகில் மெதுவாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு இருபது, முப்பது மீட்டருக்கும் ஓர் அளவு எழுதுங்கள். கூடவே வெப்பநிலையும். ஏரி முழுக்க ஒரே மாதிரி இருக்க, ஓரிடத்தில் மட்டும் கடத்துதிறன் எகிறி, தண்ணீரும் அரை டிகிரி குளிர்ந்திருந்தால் அங்கே ஊற்று வருகிறது. அந்த இடத்தைக் குறித்துவைத்து, தண்ணீரில் குளோரைடும் நைட்ரேட்டும் பாருங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஏரியில் குளோரைடு அக்கம்பக்கத்து ஊற்றுகளைவிடத் தெளிவாகக் கூடுதல் என்றால் மனிதக் கழிவைச் சந்தேகப்படலாம். கடலோரச் சுண்ணாம்பு நிலத்தில் இந்தச் சோதனை தனியாக நிற்காது, உப்புநீரே அடியில் புகுந்திருக்கும்.

அப்புறம் ஊர்க்காரர்களிடம் பேசுங்கள். எந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் மறைகிறது, எதில் குப்பை கொட்டுகிறார்கள், எந்தக் கிணறு மழைக்கு மறுநாள் கலங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நான் முதலில் சொன்ன அந்தப் பாறைப் பிளவை எனக்குக் காட்டியது ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். என் கருவிகள் எதுவும் காட்டவில்லை.

எங்கே, எப்போது

ஏரியின் ஆழமான இடம் ஒன்று, கரையோரத்தில் செடி உள்ள இடம் ஒன்று, ஊற்றுக்கு அருகே ஒன்று. ஒரு சின்ன ஏரிக்குக் குறைந்தது இந்த மூன்றும் வேண்டும். நடுவில் மட்டும் எடுத்துவிட்டு 'ஏரியின் பல்வகைமை' என்று எழுதுவது சரியில்லை. லெக்கேன், லெபடெல்லா போன்ற ரோட்டிஃபர்களும், அலோனா, கைடோரஸ் போன்ற குட்டிக் கிளாடோசெராக்களும் (நீர்த்தெள்ளுகள்) நீர்ச்செடிக்குள்ளும் பாசிப்படலத்திலும்தான் வாழ்கின்றன. நகரம் ஏரிக்கரைக்கு வந்ததும் முதலில் செய்யும் வேலை சுவர் எழுப்பி, செடியைப் பிடுங்கி, நடைபாதை போடுவது. தண்ணீரில் ஒரு துளி சாக்கடை கலக்காமலேயே இந்தக் கூட்டம் காணாமல் போய்விடும். இதை மாசு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதில் தீராத வருத்தம். கரையோர மாதிரி எடுக்காவிட்டால் அந்த இழப்பு உங்கள் பட்டியலிலும் தெரியாது.

ஆழத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடிந்த பள்ளங்களில் உருவான ஏரிகள் பரப்பில் சிறியவை, ஆழத்தில் பெரியவை, சுவர் காற்றை மறைக்கும். வெப்பமண்டலத்தில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்தான் இருக்கும், அதைப் பார்த்து 'இது என்ன அடுக்கு' என்று அலட்சியப்படுத்தாதீர்கள். 4 டிகிரியிலிருந்து 5க்குப் போகும்போது நீரின் அடர்த்தி மாறும் அளவைப்போல முப்பது மடங்குக்கும் மேல் 29இலிருந்து 30க்குப் போகும்போது மாறுகிறது. வெந்நாட்டில் இரண்டு டிகிரி என்பது கெட்டியான மூடி. மூடிக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஒருமுறை 14 மீட்டரிலிருந்து எடுத்த குப்பியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை படகு முழுக்க அடித்தது. அந்த நீரில் உயிருள்ள கோபிபாட், இறாலுக்கு உறவான நுண்விலங்கு, ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போன்ற கேயோபோரஸ் புழுக்கள், கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் இளம்புழுக்கள், மட்டும் இருந்தன. அவை பகலில் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் ஒளிந்து, இரவில் மேலே வந்து மற்ற மிதவைகளைத் தின்பவை.

ஆகவே ஆக்சிஜன் அளவைக் கருவியை மீட்டருக்கு ஒரு முறை இறக்கி அளந்துவிட்டு, அதன்பிறகுதான் வலையின் ஆழத்தைத் தீர்மானியுங்கள். ஆக்சிஜன் 6 மீட்டரோடு முடிகிற ஏரியில் 20 மீட்டரிலிருந்து வலையை இழுத்தால், 14 மீட்டர் வெறும் தண்ணீரையும் கணக்கில் சேர்த்து அடர்த்தியைக் குறைத்துக் காட்டிவிடுவீர்கள். நகரக் கழிவு கூடக்கூட இந்த எல்லை மேலே ஏறிக்கொண்டே வரும். மிதவைகள் வாழும் இடம் கீழிருந்து மேலாகச் சுருங்குகிறது. எனக்கு இனங்களின் எண்ணிக்கையைவிட இந்த ஒற்றைக் கோடு சில ஏரிகளில் அதிகம் சொல்லியிருக்கிறது.

நேரம்: பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. பகலில் ஆழத்தில் இருப்பவை இரவில் மேலேறும். நகரத்து வெளிச்சம் வானத்தில் பட்டுச் சிதறும் இடங்களில் இந்த ஏற்றம் குறைகிறது என்பது ஏரிகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். கரையில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றால், அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

பருவம்: வறண்ட காலத்தில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று, முடிந்தால் ஒரு பெருமழை முடிந்த மூன்றாம் நாளும் பத்தாம் நாளும். 2020இல் புயல்மழைக்குப் பிறகு யுகாத்தானின் புகழ்பெற்ற பக்கலார் ஏரி, ஏழு நிற ஏரி என்று பெயர் வாங்கியது, பழுப்பாக மாறிப் பல மாதம் அப்படியே இருந்தது. அந்த வாரத்தில் மட்டும் போனவருக்கு ஒரு ஏரி, அதற்கு முந்திய மாதம் போனவருக்கு வேறு ஏரி. ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து ஓர் ஏரியின் குணத்தை எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

பாதுகாப்புக்கு இரண்டு வரி. சுண்ணாம்புக் கரை அடியில் குடையப்பட்டு மேலே மெல்லிய தட்டாக நிற்கும், ஓரத்தில் நிற்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

வலை

வேலையின் பாதி இங்கேதான் நிற்கும் அல்லது விழும். என் தொடக்க காலத்தில் கடனாகக் கிடைத்த 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) கண் வலையை வைத்து மூன்று பருவம் மாதிரி எடுத்தேன். பெரிய கோபிபாட்களும் கிளாடோசெராக்களும் அழகாக வந்தன. நகரத்துக்குப் பக்கத்து ஏரிகளில் 'உயிர்கள் குறைவு' என்று எழுதினேன். உண்மையில் அங்கே உயிர்கள் ஏராளம். ரோட்டிஃபர்கள் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரான் நீளம்தான், அத்தனையும் வலைக்கண் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. வெப்பமண்டல ஏரிகளில் மீன்கள் ஆண்டு முழுக்க இரை தேடுவதாலும் வெப்பத்தாலும் மிதவைகளே சிறியவை. அதோடு நகரக் கழிவு சேர்ந்தால் கூட்டம் ரோட்டிஃபர் பக்கம் சாயும். பெரிய கண் வலை சரியாக அந்த மாற்றத்தைத்தான் மறைக்கும். அந்த மூன்று பருவத்தையும் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஆகவே இரண்டு வழியில் எடுங்கள். கிரஸ்டேஷியன்களுக்கு, அதாவது கோபிபாட்களுக்கும் கிளாடோசெராக்களுக்கும், 64 மைக்ரான் அளவில் ஒரு வலை, கீழிருந்து மேலாக இழுக்க. ரோட்டிஃபர்களுக்கு வலையே இழுக்காமல், வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் வான் டோர்ன் குப்பியால் வெவ்வேறு ஆழங்களிலிருந்து மொத்தம் 20 அல்லது 30 லிட்டர் எடுத்து, 40 மைக்ரான் துணியில் வடிகட்டுங்கள். இதில் அளவு சந்தேகமில்லாமல் தெரியும்.

வலை வழியாகப் போன தண்ணீரின் அளவு, வாயின் பரப்பு பெருக்கல் இழுத்த தூரம். 30 சென்டிமீட்டர் வாய் என்றால் பரப்பு 0.0707 சதுர மீட்டர். 10 மீட்டர் இழுத்தால் சுமார் 707 லிட்டர். இது தாளில் வரும் கணக்கு. பச்சைத் தண்ணீரில் வலை அடைத்துக்கொண்டால் வாய்க்கு முன்னால் தண்ணீர் விலகிப் போய்விடும், அவ்வளவும் உள்ளே வராது. வலைத்துணியின் திறந்த பரப்பு வாயைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். நொடிக்கு அரை மீட்டர் என்ற நிதானத்தில், நிறுத்தாமல் இழுங்கள். பச்சையான ஏரியில் நீண்ட ஓர் இழுப்புக்குப் பதில் குட்டையான மூன்று இழுப்பு நல்லது. வெளியே எடுத்ததும் வலையை வெளிப்புறத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், உள்ளேயிருந்து கழுவினால் வாய் தாண்டி வேறு நீர் சேர்ந்துவிடும்.

கார்ஸ்ட் ஏரிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெயில் ஏறி, பாசிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட் பொடியாகப் பிரிந்து தண்ணீர் பால்போல் வெளுக்கும். அன்றைக்குச் செக்கி வட்டு சீக்கிரம் மறையும். அதைப் பார்த்து 'ஊட்டம் மிகுந்த ஏரி' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. செக்கி ஆழத்தை வைத்து ஏரியின் ஊட்ட நிலையைச் சொல்லும் கார்ல்சன் சூத்திரம் 1977இல் வந்தது: 60இலிருந்து, செக்கி ஆழத்தின் இயல் மடக்கையை 14.41ஆல் பெருக்கிக் கழிப்பது. 4 மீட்டர் என்றால் 40, 1 மீட்டர் என்றால் 60. வட்டு மறையக் காரணம் பாசி என்ற அனுமானத்தில்தான் இது நிற்கிறது. கால்சைட் வெளுப்பில் இது பொய் சொல்லும். ஒரு துளி நீரைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஓரத்தில் ஒரு துளி வினிகர் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். மினுங்கும் மணிகள் கண்முன்னே கரைந்து மறைந்தால் அது சுண்ணாம்பு. பச்சைத் துணுக்குகள் அப்படியே நின்றால் பாசி. என் குறிப்பேட்டில் செக்கி ஆழத்துக்குப் பக்கத்தில் எப்போதும் 'வெள்ளை' அல்லது 'பச்சை' என்று ஒரு சொல் இருக்கும். முடிந்தால் பச்சையத்தைத் தனியாக அளந்துவிடுங்கள், அதுதான் நம்பகம்.

இந்தச் சுண்ணாம்புப் பொடி இன்னொரு வேலையும் செய்கிறது. பாஸ்பரஸைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு அடியில் படிகிறது. அதனால் கழிவு வந்துகொண்டிருந்தும் ஏரி கொஞ்சகாலம் தெளிவாகவே இருக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து கார்பன் டை ஆக்சைடு பெருகும்போது ஒரு பங்கு திரும்பக் கரைந்து மேலே வரும். தெளிவான தண்ணீரைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிவிடக் கூடாது என்று சொல்ல இதுவே காரணம்.

குப்பியில் அடைப்பது

ஒரு பங்கை உயிரோடு எடுத்துச் செல்லுங்கள், சில மணி நேரத்துக்குள் பார்க்கும்படி. உடலில் கெட்டி ஓடு இல்லாத ரோட்டிஃபர்கள் மருந்து பட்டதும் சுருண்டு அடையாளமில்லாத உருண்டையாகிவிடும். அவற்றை உயிரோடுதான் பெயரிட முடியும். பதப்படுத்தும் பங்கில் முதலில் கொஞ்சம் சோடாத் தண்ணீர் விட்டால் அசையாமல் மயங்கும், சுருங்குவது குறையும்.

பிறகு ஃபார்மலின், கடைசியில் 4 விழுக்காடு இருக்கும்படி. அதில் லிட்டருக்கு 40 கிராம் அளவில் சர்க்கரை கரைத்திருந்தால் கிளாடோசெராக்களின் ஓடு உப்பிப் பிளப்பதும் முட்டைகள் கொட்டிப்போவதும் குறையும். முட்டை எண்ணிக்கை வேண்டுமென்றால் இதைத் தவறவிடாதீர்கள். ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகும், ஆஸ்ட்ரகோடு என்ற நுண்ணிய ஓட்டுயிர்களின் சுண்ணாம்பு ஓட்டைக் கரைத்துவிடும். சிறிது போராக்ஸ் சேர்த்து அமிலத்தைத் தணித்து வையுங்கள். மரபணுச் சோதனை செய்யும் எண்ணம் இருந்தால் தனிக் குப்பியில் 95 விழுக்காடு எத்தனால், ஃபார்மலின் அதற்கு ஆகாது. ஃபார்மலின் புற்றுநோய் தரக்கூடியது. கையுறை போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் திறக்கவும்.

பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயும் போடுங்கள். வெளியே ஒட்டியது உதிரும்.

நுண்ணோக்கிக்கு முன்னால்

உயிர்களை எண்ண உதவும் செட்ஜ்விக் ராஃப்டர் தட்டு 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம். சரியாக 1 மில்லிலிட்டர் பிடிக்கும். மாதிரியை 50 மில்லிலிட்டராக அளந்து, குப்பியை எட்டு வடிவில் மெதுவாக ஆட்டி, அகன்ற வாய் உள்ள குழலால் எடுங்கள். வட்டமாகச் சுழற்றினால் கனமானவை நடுவில் சேர்ந்துவிடும். மூன்று தட்டுகளில் மொத்தம் 120 உயிர் என்றால் சராசரி 40, ஐம்பதால் பெருக்கினால் 2000. அது 707 லிட்டரிலிருந்து வந்தது என்றால் லிட்டருக்கு 2.8. ஒரு மாதிரிக்கு 300 உயிராவது எண்ணுங்கள். பிறகு மீதி முழுவதையும் ஒருமுறை சாவகாசமாக ஓட்டிப் பாருங்கள். அரிய இனங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதல் நாள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பயப்பட வேண்டாம், சில முகங்களைப் பழகினால் போதும். பிராக்கியோனஸ் ஒரு குட்டி ஜாடி. வாயில் முட்கள், அடியில் நெளியும் கால், முட்டைகள் பின்னால் ஒட்டியிருக்கும். கெரட்டெல்லாவுக்குக் கால் கிடையாது, முதுகில் பலகை பலகையாகக் கோடு போட்டிருக்கும். கெரட்டெல்லா டிராப்பிகாவில் பின்முட்கள் இரண்டில் ஒன்று நீளம், மற்றது குட்டை, சிலவற்றில் அந்தக் குட்டை முள் இல்லாமலே இருக்கும். ஃபிலினியாவுக்கு மூன்று நீண்ட தூரிகை மயிர்கள். டிரைக்கோசெர்கா உடலையே லேசாக முறுக்கிய மாதிரி இருக்கும், பின்னால் ஊசிபோல் நீண்ட விரல். பாஸ்மினா என்ற கிளாடோசெராவுக்கு யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு.

கோபிபாட்டில் உணர்கொம்பைப் பாருங்கள். உடல் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வந்தால் கேலனாய்டு, பெண் ஒரே ஒரு முட்டைப்பையைச் சுமக்கும். கொம்பு குட்டையாகவும் முட்டைப்பை இரண்டாகவும் இருந்தால் சைக்ளோபாய்டு. நாப்ளியஸ் குஞ்சுகளைத் தனியாக எண்ணுங்கள், இனக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயர் உறுதியில்லாதபோது 'மீசோசைக்ளாப்ஸ், இனம் 1' என்று எழுதி, படம் எடுத்து, அதே உயிரைத் தனிக் குப்பியில் வையுங்கள். தவறான பெயரைவிட எண்ணிட்ட ஒரு குப்பி பின்னால் வருகிறவருக்கு உதவும்.

எண் என்ன சொல்கிறது

இன எண்ணிக்கை மட்டும் போதாது. ஓர் உதாரணம். ஏரி ஒன்றில் ஐந்து இனம், 100 உயிரில் தலா 20. இனங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் பங்கையும் சேர்த்து அளக்கும் ஷேனன் குறியீடு 1.61, அதை அடுக்காக்கினால் (e-இன் அடுக்காக எடுத்தால்) சரியாக 5 இனம். ஏரி இரண்டிலும் அதே ஐந்து இனம், ஆனால் ஒன்று 92, மற்றவை தலா 2. குறியீடு 0.39, அடுக்காக்கினால் சுமார் 1.5 இனம். பட்டியலில் ஐந்து, நடைமுறையில் ஒன்றரை. நகரக் கழிவு சேரும் ஏரிகளில் முதலில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்: யாரும் உடனே வெளியேறுவதில்லை, ஒருவர் மட்டும் இடத்தை நிரப்பிவிடுகிறார். ஆகவே குறியீட்டை அப்படியே எழுதாமல் அடுக்காக்கி எழுதுங்கள், படிப்பவருக்கு உடனே புரியும்.

நம் கண்ணில் படாமல் விடுபட்ட இனங்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை என்பதற்குச் சாவோ 1 மதிப்பீடு. ஒரே ஒரு உயிராகக் கண்ட இனங்களின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, இரண்டு உயிராகக் கண்ட இனங்களின் எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, கண்ட இனங்களின் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். 18 இனம் கண்டு, 6 இனம் ஒற்றையாக, 3 இனம் இரட்டையாக வந்திருந்தால், 18 கூட்டல் 36 வகுத்தல் 6, ஆக 24. இரண்டு ஏரிகளை ஒப்பிடும்போது எண்ணிய உயிர்களின் தொகை சமமாக இருக்கட்டும்.

இனி சுட்டும் இனங்கள். பிராக்கியோனஸ் இனங்களின் எண்ணிக்கையை டிரைக்கோசெர்கா இனங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் ஸ்லாடெசெக்கின் 1983ஆம் ஆண்டு விகிதம் பரவலாகப் பயன்படுகிறது. 1க்குக் கீழே ஊட்டம் குறைவு, 2க்கு மேலே மிகுதி. அது ஐரோப்பிய நீர்நிலைகளை வைத்து உருவானது. வெப்பமண்டலத்தில் பிராக்கியோனஸ் இயல்பிலேயே அதிக இனங்களோடு வாழும் பேரினம். ஆகவே இந்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், அதே ஏரியில் ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேலனாய்டு அதிகம் என்றால் தெளிந்த ஏரி, சைக்ளோபாய்டும் ரோட்டிஃபரும் அதிகம் என்றால் ஊட்டம் மிகுந்த ஏரி என்பது பொதுவான வாய்ப்பாடு. பல இடங்களில் சரி. ஆனால் ஆர்க்டோடயாப்டோமஸ் டார்சாலிஸ் என்ற கேலனாய்டு, அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது, ஊட்டம் மிகுந்த நீரிலும் நன்றாக வாழும். பிலிப்பைன்ஸ் ஏரிகள் வரை போய்ச் சேர்ந்து, அங்கே சொந்த இனம் இருந்த ஏரிகளில் இடம் பிடித்திருக்கிறது. மீன் வளர்ப்போடு பயணம் செய்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஆகவே 'கேலனாய்டு இருக்கிறது' என்பது பாதிச் செய்தி, எந்தக் கேலனாய்டு என்பதில்தான் மீதி. ஆண் கோபிபாட்டின் ஐந்தாம் காலைப் பிரித்து எடுத்துப் பார்க்கும் பொறுமை இங்கே பலன் தரும்.

பெரிய கிளாடோசெராவான டாஃப்னியா இல்லையே என்று சிலர் கவலைப்பட்டு எழுதுகிறார்கள். கால்சியம் குறைவதால் டாஃப்னியா போகும் ஏரிகள் உண்டு, அவை குளிர்நாட்டு மென்னீர் ஏரிகள். சுண்ணாம்புக்கல் ஏரியில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. தாழ்நிலத்து வெப்ப ஏரியில் டாஃப்னியா இயல்பிலேயே அரிது, வெப்பமும் மீனும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே டயாஃபனோசோமாவையும் செரியோடாஃப்னியாவையும் தேடுங்கள். இவை குறைந்து மோய்னா பெருகினால் அப்போது கவனியுங்கள். அதற்கும் முன்னால், யாராவது திலாப்பியா விட்டார்களா என்று கேளுங்கள். மீன் பெரிய மிதவைகளைத் தின்று தீர்த்த ஏரியும், கழிவு சேர்ந்த ஏரியும் வலையில் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டும். இரண்டையும் பிரிக்க ஆக்சிஜன் எல்லையும் பாஸ்பரஸும் குளோரைடும் வேண்டும்.

பழைய மாதிரிகள் கிடைக்காத ஏரியில் அடிச்சேற்றைப் பாருங்கள். கிளாடோசெராக்களின் ஓய்வு முட்டைப் பைகளும் பாஸ்மினாவின் ஓடுகளும் அடுக்கு அடுக்காகச் சேற்றில் கிடக்கும். ஆக்சிஜன் இல்லாத அடியில் புழுக்கள் கிளறாததால் அடுக்குகள் கலையாமல் இருக்கும். நகரம் வருவதற்கு முன்னால் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பது அந்தச் சேற்றில் இருக்கிறது. மேல் அடுக்குகளையும் கீழ் அடுக்குகளையும் ஒப்பிட ஒரு குழாய்ச் சேறு போதும்.

அறிக்கை எழுதும்போது ஒவ்வோர் ஏரிக்கும் அது எந்த ஊற்றிலிருந்து குடிக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள், தெரிந்த அளவுக்கு. இனப் பட்டியல் அதற்குக் கீழே வரட்டும். நான் 'பாதிக்கப்படாதது' என்று எழுதிய அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பாறைப் பிளவின் இடத்தைக் குறித்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு அதே ஏரிக்கு ஒவ்வோர் ஆண்டும் போய்க்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் முன் வலையையும் கயிற்றையும் காலணியையும் வெந்நீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காய வையுங்கள். ஈரத்துணியின் மடிப்பில் ஒரு கோபிபாட் தங்கினால் போதும், அது வேறோர் ஏரிக்குள் போய்விடும். அவசரம் என்றால் இரண்டு வலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுங்கள்.